விளக்கை ஆட்டாதீங்க

காமா கதிர் தொலைநோக்கிக்காக, பதினெட்டுக் கண்ணாடிகளையும் வெளிச்சம் தெரியும் ஒரே புள்ளிக்குத் திருப்பும் கருவியைப் பிரின்சி செய்திருந்தாள். நாளை அதை ஒப்படைக்க வேண்டும். சோதனைக்காகக் கணவன் ஜெனிஷை விளக்கோடு மேற்கே கரட்டுக் குன்றின் உச்சிக்கு அனுப்பியிருந்தாள். கணினித் திரையிலோ வெளிச்சம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

“ஏனுங்க, விளக்கை ஆட்டாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?” போனில் கத்தினாள்.

“நான் தொடவே இல்ல, பிரின்சி!”

“பொய் சொல்லாதீங்க. கீழ இறங்கிட்டே இருக்குது.”

“பேட்டரி தீந்து, விளக்கு அணைஞ்சே அரைமணி நேரமாச்சு. நீ சொல்ல உட்டாத்தானே?”

பிரின்சி மொட்டைமாடிக்கு ஓடினாள். கரடு இருண்டு கிடந்தது. அதன் உச்சிக்குச் சற்று மேலே அந்தி வெள்ளி இறங்கிக்கொண்டிருந்தது. மாடியில் நிறுத்தியிருந்த பதினெட்டுக் கண்ணாடிகளும் பிசகாமல் அதன் பின்னாலேயே திரும்பிக்கொண்டிருந்தன.

“சாமி, நீங்க இறங்கி வாங்க” என்றாள் போனில்.