ஒன்பதாவது கேள்வி

"தீவு நம்மளுது. சுத்தியிருக்கிற கடல்ல மீன் பிடிக்கிற உரிமை யாருது? இதைத்தான் எதிர்க்கட்சி வெதர்பி இன்னைக்கு அவையில கேப்பார்," என்றாள் உதவியாளர் ஃபியோனா.

கடல்கடந்த பகுதிகளுக்கான அமைச்சர் தோர்லி, தீவின் மீன்பிடி ஒப்பந்தத்தை மறுபடியும் புரட்டினார். பதவியேற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை.

"கேள்வி கேட்டே ரெண்டு அமைச்சரை வீட்டுக்கு அனுப்பினவராச்சே அந்த மனுஷன்!"

"உங்களுது ஒன்பதாவது கேள்வி சார். அதுக்குள்ள கேள்வி நேரம் முடிஞ்சா தப்பிச்சீங்க."

அவையில் எட்டாவது கேள்விக்கு எழுந்த மூத்த அமைச்சர், திமிங்கில வேட்டையின் வரலாற்றையே அவிழ்த்துவிட்டார். தோர்லி அவரை மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டார். எதிர்வரிசையில் வெதர்பி கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"நேரம் முடிந்தது," என்றார் சபாநாயகர்.

போன உயிர் திரும்பி வந்தது. தேநீர் அறைக்கு விரைந்த தோர்லியின் தோளைப் பின்னாலிருந்து பிடித்தார் வெதர்பி.

"அமைச்சரே, உண்மையைச் சொல்லுங்க. அந்தத் தீவு எங்கதான் இருக்கு?"

"என்னது?"

"கேள்வி கட்சி ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தது. நீங்க பதில் சொன்னா, நான் அடுத்து ஒரு துணைக்கேள்வி கேக்கணுமே! திமிங்கிலக் கதை முடியவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

தோர்லி வாய்விட்டுச் சிரித்தார். "கேக்காம விட்ட கேள்விக்கு நாளைக்கு எழுத்துல பதில் வரும், தெரியும்ல?"

வெதர்பியின் முகம் வெளிறியது. "ஐயோ, அதை நான் படிக்கணுமா?"

"பயப்படாதீங்க. எழுதப் போறதும் நான் இல்லை."