காணாமல் போன பட்டை

"வாசல்லயே நிக்காதே, நேரா உள்ள போ. கம்ப்யூட்டர் அந்த ரூம்லதான் இருக்கு. பத்து மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் பதினோரு மணிக்கு வர்றதே இந்த இர்பித் ஊர்க் கடைக்காரங்களுக்குப் பொழப்பாப் போச்சு!"

வாசலில் நின்றவனுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். "அம்மா, நான்..." என்று வாயெடுத்தான்.

"சாக்கெல்லாம் வேணாம் மகனே, நட."

உம்மு ரக்கான் வாசல் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு அவன் பின்னாலேயே போனாள். ரக்கானின் அம்மா என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். மகன் போய் நாலு மாதமாகியும் தெருவில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கூப்பிடும்போதெல்லாம் வலித்தது. கூப்பிடாமல் விட்டிருந்தால் செத்தே போயிருப்பாள்.

"பை கிய் ஒண்ணும் கொண்டு வரலியா?"

"இல்லம்மா."

"நல்லாருக்கு போ. சரி, உக்காரு. திரையில கீழ ஒரு பட்டை இருக்குமில்ல, அதைக் காணோம். ஒன்பது நாளாச்சு. மேஜையைத் துடைக்கறப்ப மவுஸை எப்படியோ இழுத்துட்டேன் போல. அந்தப் பட்டையில ஒரு மஞ்சள் பெட்டி இருக்கும். அதை அமுக்கினா என் ரக்கான் பேசுவான். எனக்கு வேற வழி தெரியாது."

"பேசுவாரா?" என்றான் அவன்.

"தெருப் பசங்க பந்து ஆடினா இவன் ஜன்னல்ல உக்காந்து ரேடியோக்காரன் மாதிரி வர்ணனை சொல்லிப் பதிவு பண்ணுவான். இருபத்திரண்டு வயசுக் கழுதை! வேலை தேடுடான்னா இதான் வேலை. ஜெரஷ் ரோட்டுல தண்ணி லாரி மோதி அவன் போனதுக்கப்புறம் எனக்கு மிச்சம் அந்தக் குரல் ஒண்ணுதான். மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் தினம் வந்து கேப்பேன். என் நாத்தனார் பையன் வந்து பார்த்துட்டு, எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போடணும்ங்கறான். அழிச்சே, உன் கையை ஒடிச்சிடுவேன்!"

அவன் சட்டென்று எழுந்துவிட்டான். "அம்மா, இதை நான் தொடறது சரியில்ல. நான் வந்தது..."

"நீயும் அழிக்கணும்னுதான் சொல்லப் போறியா?"

அதுவரை அதட்டிக்கொண்டிருந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தவன் மறுபடியும் உட்கார்ந்தான்.

"எங்க வீட்டுலயும் ஒரு தடவை இப்படி ஆச்சு. என் பொண்ணுதான் சரி பண்ணினா. அவ பண்ணின மாதிரி பண்ணிப் பாக்கறேன்."

உம்மு ரக்கான் தலையில் அடித்துக்கொண்டாள். எத்தனையோ பேர் இருக்க, கடைக்காரன் தேடிப் பிடித்து இவனையா அனுப்ப வேண்டும்?

காய்ப்பு ஏறிய தடித்த விரல்களால் அவன் மவுஸைப் பயந்து பயந்து நகர்த்தினான். திரையின் அடி விளிம்பில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோனதும் அதற்கு இரண்டு பக்கமும் தலை முளைத்தது. அப்படியே பிடித்து மெல்ல மேலே இழுத்தான். பட்டை முழுதாக வந்துவிட்டது.

"எங்கயும் போகலம்மா. கீழ அமுங்கிக் கிடந்திருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்! வலது பக்கத்துலேருந்து மூணாவது பெட்டி. அமுக்கு, அமுக்கு!"

"நீங்களே அமுக்குங்கம்மா." அவன் கையை இழுத்துக்கொண்டான்.

அவள் அமுக்கினாள்.

"பந்து இப்போது யஸன் காலில்! ரொட்டிக் கடைச் சுவரை ஒட்டிப் பாய்கிறான் யஸன்! தடுக்க ஆளே இல்லை..." அறை முழுக்க ரக்கானின் குரல். நடுவில் தூரத்திலிருந்து அவளுடைய குரலே கேட்டது. "டேய், மக்லூபா ஆறிப்போவுது, சாப்பிட வாடா!" உடனே ரக்கான் சிரித்தான். "நடுவர் கூப்பிடுகிறார் நேயர்களே, ஆட்டம் நிறுத்தப்படுகிறது!"

உம்மு ரக்கான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஒன்பது நாள் பட்டினி கிடந்த காது அது. திரும்பிப் பார்த்தபோது அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். தோள் குலுங்கியது. முன்பின் தெரியாத பிள்ளைக்காக இப்படி அழுகிறானே என்று அவளுக்கு மனது இளகியது. இவனைப் போய் வாசலில் வைத்து அதட்டினோமே என்று இருந்தது.

"உனக்கு நல்ல மனசு மகனே. உன்னைப் பெத்தவ புண்ணியவதி. இரு, காப்பி கொண்டு வர்றேன்."

ஏலக்காய் தட்டிப் போட்டுச் சூடாகக் கொண்டுவந்தாள். அவன் எழுந்து நின்று வாங்கினான். வாய் வைக்காமல், தனக்கு முன்னால் கிண்ணத்தை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "என்னப்பா இது? பொண்ணு கேட்டு வர்றவங்கதான், தர்றேன்னு வீட்டுக்காரங்க சொல்ற வரைக்கும் காப்பியைத் தொடாம வைப்பாங்க. எனக்குத்தான் பொண்ணே கிடையாதே ராசா! அப்படி என்னத்தைக் கேக்க வந்திருக்கே?"

அவன் பதில் சொல்லுமுன் ஹாலில் அவளுடைய போன் அடித்தது. போய் எடுத்தாள்.

"அம்மா, கம்ப்யூட்டர் கடையிலேருந்து பேசறேன். மன்னிச்சுக்குங்க, வண்டி வழியிலயே நின்னு போச்சு. நாளைக்குக் காலையில கண்டிப்பா வந்துடறேன்."

போனைக் கையில் பிடித்தபடியே அவள் அறை வாசலில் வந்து நின்றாள். அவன் காப்பியைத் தொடவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை.

"எங்க ஆளுங்க நாப்பது பேர் உங்க கொழுந்தனார் வீட்டுல இப்படித்தான் காப்பியைத் தொடாம உக்காந்திருந்தாங்கம்மா. அவர் 'மன்னிச்சோம், குடிங்க'ன்னு சொன்னார், எல்லாரும் குடிச்சுட்டு எழுந்துட்டாங்க. பெத்தவளை யாரும் கேக்கல. அன்னிக்கு அந்த லாரியை ஓட்டினது நான்தான்."