இருபதாவது வீச்சு

பதினாறாவது வீச்சும் நரம்பு சிக்காமல் போய் விழுந்தது.

கம்பெனி அதிகாரி தாளில் ஒரு கோடு போட்டார். என் தம்பி பின்னால் நின்று விட்ட மூச்சு என் கழுத்தில் பட்டது. தள்ளி நில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் வேலை பார்க்கும் தூண்டில் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் ஏரியில், மரப்பாலத்தின் நுனியில் நின்றுகொண்டிருந்தோம். என் கையில் இருந்த, தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் ரீல் தம்பி செய்தது. பாஸ் மீன் பிடிக்கிறவர்கள் தூண்டில் கம்பின் மேல்பக்கம் பூட்டிக்கொள்ளும் வகை. அந்த மீன் நாணலுக்குள்ளும் பட்டுப்போன மரத்தடியிலும் போய்ப் பதுங்கிக்கொள்ளும். குறி தப்பாமல் அங்கே வீச இந்த ரீல்தான் சரி.

ஆனால் சனியன் பிடித்த ரீல். வீசும்போது நரம்பு சுற்றிய உருளையே சுழலும். நுனியில் கட்டிய போலி மீன் காற்றில் தயங்கி, உருளை மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தால் முடிந்தது. ஒரு நொடியில் நரம்பெல்லாம் காக்காய்க்கூடு. அதைப் பிரித்து முடிப்பதற்குள் ஏரியில் இருக்கிற மீன் பேரன் பேத்தி எடுத்துவிடும்.

அதனால் பழகியவர்கள் கட்டைவிரலால் உருளையை லேசாகத் தடவிக்கொண்டே வீசுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அது கைவராது. பத்தே நாளில் வெறுத்துப்போய் ரீலைப் பரணில் போட்டுவிடுவார்கள்.

என் தம்பியின் ரீலுக்கு விரலே வேண்டாம். உள்ளே அவன் வைத்திருக்கும் பிரேக் பார்த்துக்கொள்ளும். அப்படித்தான் அவன் சொன்னான்.

மூன்று வருஷம். இருந்த வேலையை விட்டான். சாப்பாட்டு மேஜையைப் பட்டறையாக்கி, பெண்டாட்டி பிள்ளைகளை நின்றுகொண்டே சாப்பிட வைத்தான். இதற்கு முன் கொண்டுவந்த நான்கு ரீலும் இதே பாலத்தில், என் கையில்தான் சிக்கின. நான்கையும் நான்தான் கழித்தேன். இந்த ஐந்தாவதும் தேறாவிட்டால் இனி ரீல் பக்கமே போக மாட்டேன் என்று பெண்டாட்டிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

சொன்னால் செய்கிறவன். எனக்கு அதுதான் பயம்.

ஒரு ரீலை எடுத்துக்கொள்ளுமுன் கம்பெனி வைக்கும் சோதனையின் விதி எளிது. இருபது வீச்சு. போலி மீன் கிளம்பியதும் விரலை எடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு சிக்கு விழுந்தாலும் ரீல் கழிவு. விரல் பட்டதா இல்லையா என்று பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது, அவ்வளவு லேசான விஷயம் அது. வீசுகிறவர் சொல்வதுதான் சாட்சி. அதனால் கடைசியில் 'விரல் படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

வேறு ஆளை வைத்துப் பாருங்கள் என்று காலையிலேயே அதிகாரியிடம் சொன்னேன்.

"தம்பின்னு விட்டுக்கொடுக்கிற ஆளா நீங்க? நாலு தடவை அவரைத் திருப்பி அனுப்பினதே நீங்கதானே," என்று சிரித்தார்.

பதினேழு. சிக்கு இல்லை.

பதினெட்டாவதில் காற்று எதிர்ப்பக்கம் திரும்பியது. எதிர்க்காற்றில்தான் இந்த வகை ரீலின் வண்டவாளம் வெளியே வரும். உருளைமேல் நரம்பு ஒரு கணம் புடைத்து அடங்கியது. அதிகாரி குனிந்து பார்த்தார். நிதானமாக ஒரு கோடு போட்டார்.

பத்தொன்பது. தம்பி ஏதோ முணுமுணுத்தான். வேண்டுகிறானா, காற்றைத் திட்டுகிறானா, தெரியவில்லை.

இருபதாவதற்கு நான் அவசரப்படவில்லை.

நாணலெல்லாம் எங்களைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தது. இப்படிப்பட்ட காற்றில், பதினாலு வருஷமாக இதே வேலை பார்க்கிற நானே யோசித்துத்தான் வீசுவேன். கொஞ்சம் பொறுக்கலாமா என்று அதிகாரியே கேட்டார். வேண்டாம் என்றேன். கையெழுத்துப் போட வேண்டிய தாள் அவர் கையில் படபடத்துக்கொண்டிருந்தது. எனக்கு உண்மை தெரிந்தாக வேண்டியிருந்தது.

வீசினேன்.

உருளை சீறியது. நரம்பு புடைத்தது. போச்சு, இவன் மூன்று வருஷமும் போச்சு என்றே நினைத்துவிட்டேன்.

புடைத்த நரம்பு தானாக அமர்ந்தது. உருளை தானாக வேகம் தணிந்தது. தூரத்தில், நாணல் ஓரத்தில், போலி மீன் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது.

அதிகாரி கடைசிக் கோட்டைப் போட்டார்.

பாலம் அதிரக் குதித்தான் தம்பி. என் தோளைப் பிடித்து உலுக்கினான். அவன் இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்றுதான் அவன் நினைத்திருப்பான்.

அதிகாரி தாளையும் பேனாவையும் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"மறுபடி ஒண்ணுலேர்ந்து போடணும் சார்," என்றேன்.

தம்பியின் கை என் தோளிலிருந்து இறங்கியது. என் ரீலை இன்னுமா நீ நம்பவில்லை என்று அவன் முகம் கேட்டது.

நம்பாமல் இருந்தது பத்தொன்பதாவது வீச்சு வரைக்கும்தான். அதுவரைக்கும் ஒவ்வொரு வீச்சிலும் என் கட்டைவிரல் உருளையைத் தடவிக்கொண்டேதான் இருந்தது.