கண்ணுக்கு முன் மெழுகுதிரி

"எதுத்து நின்னு என்னத்தடி கண்ட?"

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்க மறுத்துச் சந்திரிகா பள்ளிக்கூடத்தை விட்ட அன்று, அப்பா இராமையா கேட்டது அது ஒன்றுதான்.

இப்போது அவள் பன்வில பக்கத்துத் தேயிலை ஆலையான ஸ்டோரில், அப்பா வேலை பார்க்கும், தூளைக் காயவைக்கும் ட்ரையருக்கு அருகில், கையில் எரியும் மெழுகுதிரியோடு நின்றாள். அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்தவளை, ஸ்டோரை நடத்தும் டீமேக்கர்தான் திரி பிடிக்க நிறுத்தியிருந்தார்.

திரிக்கு முன்னால் வயரில் தொங்கியது 'கண்'. கட்டைவிரல் பருமனில், வாயு அடைத்த கண்ணாடிக் குழாய். வெயிலுக்கும் பல்புக்கும் அது மசியாது. தீச்சுவாலையின் புற ஊதா ஒளி பட்டால்தான் விழிக்கும். அது விழித்திருக்கும்வரை ட்ரையரின் உலைக்குள் எண்ணெய் பாயும். தீ அணைந்தால் எண்ணெயை அடைத்துவிடும்.

போன வாரம் அதற்கு முன்னிருந்த குவார்ட்ஸ் வில்லை உடைந்தது. டீமேக்கர் ஜன்னல் கண்ணாடியை வெட்டிப் போட்டார். புற ஊதா ஒளி அதைத் தாண்டி வராது. கண் குருடாகி, ட்ரையர் அடிக்கடி நின்றது.

அதனால் கண்ணை உலையிலிருந்து வெளியே எடுத்து, மெழுகுதிரியைக் காட்டி ஏமாற்றினார்கள்.

சந்திரிகா உலையின் துளை வழியே எட்டிப் பார்த்தாள்.

உள்ளே தீ இல்லை.

திரியை நம்பி எண்ணெய் மட்டும் பாய்ந்துகொண்டிருந்தது. சூடு தணியாத செங்கல்மேல் அது குப்பென்று பற்றினால் ஸ்டோரே மிஞ்சாது.

அவள் திரியை ஊதி அணைத்தாள்.

டக்கென்று எண்ணெய் நின்றது.

டீமேக்கர் ஓடிவந்தார். "தூளு பூராப் புளிச்சுப் போகுது! இராமையா, ஒம் மகளத் திரியக் கொளுத்தச் சொல்லு. இல்லாட்டி ரெண்டு பேரும் லயத்து வீட்டக் காலி பண்ணுங்க!"

"கொளுத்த மாட்டேன். உள்ள தீயில்ல, பாருங்க." அந்த ஸ்டோர் அவள் குரலைக் கேட்டதே அன்றுதான்.

டீமேக்கர் துளைப் பக்கம் திரும்பவே இல்லை. தீப்பெட்டியை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா குனிந்து துளையைப் பார்த்தார். பிறகு அவளிடம் வந்தார். ஆயுள் முழுக்க "சரிங்க ஐயா" என்று மட்டுமே சொன்ன மனிதர். சந்திரிகா திரியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

அவர் திரியைத் தொடவில்லை. வயரிலிருந்து கண்ணைக் கழற்றினார். இனி எந்தத் திரியைக் கொளுத்தியும் பயனில்லை.

தலைத்துண்டை அவிழ்த்து, அதில் கண்ணைப் பக்குவமாகச் சுற்றினார். சட்டைப்பைக்குள் வைத்தார்.

நீட்டிய தீப்பெட்டியைக் கடந்து, வெளியே தூறலுக்குள் இறங்கி நடந்தார்.