தகரக் குரல்

கோல்ஃப் மைதானத்தின் ஓரத்தில், காரைப் புதர் ஒன்றுக்குள் ஒரு பந்து காணாமல் போய்க் கிடந்தது. தன்னை அங்கே அடித்துத் தொலைத்த மட்டையோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதே அதன் ஒரே ஆசை. அந்த மட்டைக்குத் தலை பெரிது, உள்ளே காலி. பந்தை அடித்தால் தகர டப்பா விழுந்ததுபோல் ‘டணார்’ என்று அலறும்.

“அந்தச் சத்தம் கேட்டதும் ‘இங்கே இருக்கேன்’னு கத்திடுவேன்,” என்றது பந்து.

“அடிச்சவனையா தேடுறே? நல்ல பொழப்பு!” என்றது புதரில் குடியிருந்த ஓணான்.

“அடி வேற, அண்ணே. அந்தக் குரல் வேற.”

மட்டைக்கோ அந்தக் குரலால் பெரிய அவமானம். பையிலிருந்த மற்ற மட்டைகள், “பாத்திரக்கடை வந்தாச்சு” என்று கேலி செய்தன. எஜமானருக்கும் கூச்சம்தான். ஒருநாள் வீட்டிலேயே அதன் தலையிலிருந்த திருகாணியைக் கழற்றி, உருக்கிய பசையை உள்ளே ஊற்றி ஆறவைத்தார். அதன்பின் அடித்தால் கையில் அதிர்வே இல்லை. பெரிய மனிதர் வீட்டுக் கதவு சாத்தியதுபோல் ‘தொம்’ என்று மட்டும் கேட்டது.

‘என் பழைய பந்து இதைக் கேட்டால் அசந்துபோகும்’ என்று மட்டை பூரித்தது.

அடுத்த ஞாயிறு, புதருக்குப் பக்கத்திலேயே ‘தொம்’ என்றது.

“ஆள் வந்திருக்கு, கூப்பிடேன்!” என்றது ஓணான்.

“யாரோ பெரிய இடத்து மட்டை அது. நீ சும்மா இரு அண்ணே,” என்றது பந்து. “என் ஆள் வர்ற நேரம். பேசினா அந்த ‘டணார்’ கேட்காமப் போயிடும்.”