சக்கரம் இறங்காத நாள்

கொட்டகைத் தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியே இறங்கும் காலை வெயில், நடு வானில் என்ஜினை அணைத்துவிட்டும் மிதக்கக்கூடிய மோட்டார் கிளைடர் விமானத்தின் நீண்ட வெள்ளை இறக்கையில் பொட்டுப் பொட்டாக விழுந்து கிடக்கிறது. அந்த இறக்கையையே மேசையாக்கி அக்கா காப்பீட்டுப் படிவத்தை விரித்து வைத்திருக்கிறாள். போன மாதம் அவள் சக்கரத்தை இறக்காமலேயே புல்வெளியில் தரையிறங்கியதில் விமானத்தின் அடிவயிற்றில் விழுந்த கீறலை, கீழே மல்லாந்து படுத்துத் தம்பி உப்புத்தாளால் தேய்க்கிறான். பக்கத்தில், கீறலை மறைக்க, மூடி திறந்து வைத்த வெள்ளைப் பெயிண்ட் டப்பா. அக்காவின் பேனா ஐந்தாவது கேள்வியில் நிற்கிறது: கடந்த ஓராண்டில் விபத்து ஏதேனும் நேர்ந்ததா?

"இல்லைன்னு போடுக்கா. ஒரு ஈ காக்கா கூட பாக்கல. எழுதினா பிரீமியம் எகிறிடும், அப்புறம் இந்த வருஷம் நாம பறந்த மாதிரிதான்."

"நான் பாத்தேனேடா."

"சரி, பழிய என்ஜின் மேல போடு. நடு வானத்துல அது மக்கர் பண்ணது நெஜந்தானே?"

அவள் 'ஆம்' கட்டத்தில் அழுத்தி டிக் போடுகிறாள். காரணம் எழுத ஒரே ஒரு வரிதான் விட்டிருக்கிறார்கள். எழுத்தைக் குறுக்கிக் குறுக்கி எழுதிவிட்டு, வாய்விட்டுப் படிக்கிறாள்: "அணைத்த என்ஜினைத் திரும்ப ஓட வைக்கும் மும்முரத்தில் சக்கரத்தை இறக்க மறந்தேன். பிழை என்னுடையது." உப்புத்தாளின் சத்தம் நின்றுபோகிறது. "அடுத்த வாரம் நீதான் இத மேல எடுத்துட்டுப் போற," என்கிறாள். "என்ஜின் கிளம்பலன்னா, கை எதத் தேடணும்?"

"சக்கரத்த எறக்குற பிடிய," என்கிறது அடியிலிருந்து குரல். பெயிண்ட் டப்பாவின் மூடி டொக்கென்று இறுகுகிறது.