சேற்று அரக்கனுக்குப் பெயர் இல்லை

"மறுபடியும் அழிச்சிட்டீங்களே! உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

தீவின் மின்னி பே பகுதியில், ஸ்ரீதர் வீட்டு வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினாள் அந்தப் பெண்.

உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கூட்டம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தலைமை ஆசிரியர் ஸ்ரீதர், அவனுடைய மேலதிகாரி ராஜமாணிக்கம், ஒரு தட்டு பஜ்ஜி. அவ்வளவுதான்.

'செவ்வாய்த் துறைமுகம்' என்ற விண்வெளி வெப் சீரிஸுக்கு ரசிகர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு கையேடு போட்டிருக்கிறார்கள். அதற்குத்தான் ஸ்ரீதர் தலைமை ஆசிரியர். கேமராமேன் பிறந்த ஊர், வசனகர்த்தா படித்த காலேஜ், மேக்கப்மேனுக்குப் பிடித்த பரோட்டாக் கடை எல்லாம் அதில் உண்டு. இது தெரியாமல்தானே நாடே தூங்காமல் தவித்துக்கொண்டிருந்தது!

முகப்பில் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம் வேறு. 'திரைக்குப் பின்னால் உழைத்த ஒருவர்கூட விடுபடக் கூடாது.'

பகலில் ஸ்ரீதர் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் கிளார்க். ராஜமாணிக்கம் அங்கே பெரிய அதிகாரி. கை அரித்தால்கூட யாருக்காவது மெமோ கொடுப்பவர். அவருக்கும் இந்த சீரிஸ் என்றால் உயிர். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் கையேட்டைத்தான் திறப்பார்.

"யார் பேட்டா நீ?" என்றார் அவர், வழக்கமான இந்தி கலந்த தமிழில்.

"ஆக்சிலியா சார். வண்டூர்லேருந்து வரேன். ஏழாவது எபிசோட்ல சேத்து அரக்கனா வந்தது எங்கப்பா. அவர் பேரை நான் சேர்க்கச் சேர்க்க இவர் அழிச்சுக்கிட்டே இருக்கார். ஏன்னு கேட்டா பதிலும் இல்லை."

ராஜமாணிக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அரே! பாறை மேலேருந்து ஒரே தாவா தண்ணியில குதிப்பானே, அவனா? என்னா ஜம்ப்! ஆனா அது சென்னை ஆக்டர்னுல்ல நம்ம கையேட்டுல போட்டிருக்கு?"

"அவரா? 'முதலை ஜாக்கிரதை' போர்டைப் பார்த்ததுமே அந்த மெயின்லேண்ட் ஆளுக்குக் காய்ச்சல் வந்துடுச்சு சார். டிரஸ்ஸை மாட்டிக்கிட்டுக் குதிச்சது எங்கப்பா கிளமெண்ட். கையேட்டுல பேர் இல்லைன்னு ஊரே 'புளுகு மூட்டை'ன்னு கேலி பண்ணுது. வெளியில தலை காட்டவே கூசறார்."

"கிளமெண்ட்டா?" ராஜமாணிக்கம் நெற்றியைச் சுருக்கினார். "எங்கேயோ கேட்ட பேரா இருக்கே."

"வண்டூர்ல கல்லை விட்டெறிஞ்சா ஒரு கிளமெண்ட் மேலதான் சார் விழும்," என்று அவசரமாகக் குறுக்கே புகுந்தான் ஸ்ரீதர். "இவர் யாரோ மீன் பிடிக்கிற ஆளு. கடல்ல பொழுது போகாம கதை விடறார்."

"மீன் பிடிக்கிற ஆளா? எங்கப்பா கவர்மெண்டு போட்ல..."

"ஆதாரம் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு!"

பஜ்ஜி கொண்டுவந்த ஸ்ரீதரின் மனைவி கார்த்திகாவுக்கே பொறுக்கவில்லை. "ஏங்க, அந்தப் பொண்ணை வாயைத் திறக்க விடுங்களேன்! வீடு தேடி வந்தவகிட்ட இப்படியா எரிஞ்சு விழறது?"

"நீ சும்மா இரு. இது கையேட்டு விஷயம்."

ஆக்சிலியா போனை எடுத்தாள். "ஆதாரம் இருக்கு. அரக்கன் தலையைக் கழற்றிக் கையில வச்சுக்கிட்டு அப்பா சிரிக்கிற போட்டோ. முகம் பளிச்சுனு தெரியும்."

"லா பேட்டா, இப்படிக் கொடு, நான் பார்க்கறேன்," என்று ராஜமாணிக்கம் கையை நீட்டினார்.

போன் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் பாய்ந்து ஸ்ரீதர் பிடுங்கிக்கொண்டான்.

"கிராபிக்ஸ் சார். யாரோ உடம்புல இவங்கப்பா முகத்தை ஒட்டியிருக்காங்க. சுத்த ஃபிராடு!"

சொன்னதோடு விட்டானா? அவள் கண்ணெதிரிலேயே போட்டோவை அழித்துவிட்டுப் போனை நீட்டினான்.

"அடப்பாவி! அது ஒண்ணுதானே இருந்துச்சு! நீயெல்லாம் நல்லா இருப்பியா?" ஆக்சிலியா விம்மிக்கொண்டே படியிறங்கி ஓடினாள்.

ராஜமாணிக்கம் இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். "கொஞ்சம் கறார்தான் நீ. ஆனா உன்னை மாதிரி ஒரு நேர்மையான ஆள் இருக்கறதாலதான் நம்ம கையேட்டுல ஒரு பொய்கூடக் கிடையாது. சபாஷ்!"

"அரக்கன் யாருன்னு எனக்கு இப்பத் தெரிஞ்சு போச்சு," என்றாள் கார்த்திகா. தட்டை டீப்பாயில் டொக்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"கேட்டைச் சாத்திட்டு வந்துடறேன் சார்," என்று எழுந்தான் ஸ்ரீதர்.

சாத்தவில்லை. ரோட்டில் இறங்கி ஓடினான். திருப்பத்தில் அவளைப் பிடித்துவிட்டான்.

"தொடாதே! கத்திடுவேன்!"

"கத்தாதேம்மா, தாயே! போட்டோ உன் போன் குப்பைத்தொட்டியிலதான் கிடக்கு. வீட்டுக்குப் போனதும் எடுத்துக்கோ." அவனுக்கு மூச்சு வாங்கியது. "அப்பாவுக்கு அடுத்த மாசம்தானே ரிட்டயர்மெண்ட்?"

அவள் திகைத்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவர் ஃபைலைப் பார்க்கறவனே நான்தான். பென்ஷன் ஆர்டர் கைக்கு வரட்டும், கையேட்டுல முதல் பேரா நானே போடறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே."

"ஏன்?"

"பாறையிலேருந்து குதிச்ச அந்த வாரம், கால் முறிஞ்சு கட்டிலை விட்டு எழுந்திரிக்கவே முடியலைன்னு உங்கப்பா மெடிக்கல் லீவு போட்டிருந்தார்மா. பாவம்னு அதுக்குக் கையெழுத்துப் போட்டவர்தான் உள்ளே உட்கார்ந்திருக்கார்!"